கட்டிங் எத்தனை என்று கேட்கும் முன்

கண் மருத்துவத்தில் எம்.எஸ். சேர நினைக்கும் பிள்ளைகள் ஒரு கல்லூரியைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினால் முதல் கேள்வி "கட்டிங் எப்படி?" என்பதாகத்தான் இருக்கும். நாங்கள் படித்த நாட்களிலும் சீனியர்களிடம் அதைத்தான் கேட்டோம். பிற்பாடு சொல்லிக்கொடுக்கும் இடத்துக்கு வந்தபோது என்னிடம் கேட்டவர்களும் அதையேதான் கேட்டார்கள். மூன்று வருஷத்தில் எத்தனை கண்புரை என் கையால் செய்யக் கிடைக்கும், அதில் மெஷினில் செய்யும் ஃபேக்கோ எத்தனை வரும் என்று தெரிந்துகொள்ளும் ஆசை நியாயமானது. கண் அறுவை கையால் கற்கிற வித்தை. ஆனாலும் ராயபுரத்துக்காரனாக, வடசென்னைக் கண்களைப் பார்த்தே பெரும்பகுதி காலத்தைக் கழித்தவனாக எனக்கு ஒன்று உறுதியாகத் தெரியும். ஒரு பயிற்சி இடத்தை அந்த எண்ணை வைத்து எடைபோட முடியாது. அந்த ஆஸ்பத்திரி வாசலுக்கு எந்த ஊர் வருகிறது, வந்தவரை பி.ஜி. மாணவர் முதல் நாளிலிருந்து கடைசி நாள்வரை தன் நோயாளியாகப் பார்க்கிறாரா என்ற இரண்டும் தெரிந்த பிறகே எண்ணுக்குப் பொருள் வருகிறது.

எண்ணை நான் தள்ளிவிடவில்லை. அமெரிக்காவில் பயிற்சி முடிக்கும் ஒருவர் முதன்மை அறுவையாளராகக் குறைந்தது 86 கண்புரை செய்திருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. பிரிட்டனில் முழுப் பயிற்சிக் காலத்துக்குள் 350 ஃபேக்கோ எதிர்பார்க்கிறார்கள். நம் ஊரில் ஒரு மாணவர் சராசரியாக எத்தனை செய்து முடிக்கிறார் என்பதைக் கலந்தாய்வுக்கு முன் கல்லூரிகள் வெளியிடுவது வழக்கமில்லை. அதனால் வாய்வழிச் செய்தியே ஆதாரம். சீனியர் சொல்லும் கணக்கு அவர் காலத்துச் சீஃபின் கணக்கு. அரசுப் பணியில் சீஃப் மாற்றலாகிப் போனால் அடுத்த வருஷம் எல்லாமே வேறாகிவிடும். அந்தக் கணக்குக்குள் என்ன அடங்கியிருக்கிறது என்பதும் தெரியாது. முதல் வெட்டிலிருந்து கட்டுப் போடும்வரை முழுதாகச் செய்ததா, நடுவில் ஒரு படியை மட்டும் செய்ததா? லென்ஸ் பையின் பின்புறம் கிழிந்து (பி.சி. ரென்ட்) விட்ரியஸ் முன்னால் வரும் அந்த நிமிஷத்தில், அசிஸ்டென்ட் பக்கத்தில் நின்று மாணவர் கையாலேயே அதைச் சரிசெய்ய வைத்தாரா, "நகருப்பா" என்று இருக்கையை வாங்கிக்கொண்டாரா? முகாம் பேருந்தில் வந்து, அறுவை முடிந்து, மறுநாள் கட்டுப் பிரித்து, அதே பேருந்தில் திரும்பிப்போன கண்கள் எத்தனை? இருநூறு செய்தேன் என்கிறவர் அதில் ஒன்றைக்கூட நாற்பதாம் நாள் பார்த்திருக்காவிட்டால், தையல் இழுத்து எவ்வளவு சிலிண்டர் பவர் வந்தது, கருவிழி தெளிந்ததா என்பது அவருக்குத் தெரியாது. தெரியாதவர் இருநூற்றொன்றாவதிலும் அதே பிழையைத்தான் செய்வார்.

வாசலுக்கு வரும் ஊர் ஒரு துறையை எப்படி உருவாக்குகிறது என்பதற்கு ராயபுரத்திலேயே கண்கண்ட சான்று இருக்கிறது. பழைய ஜெயில் ரோட்டிலிருக்கும் ஸ்டான்லியை எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள். 1782 பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து கிளைத்தது அது. மருத்துவக் கல்லூரியாக ஸ்டான்லி பெயர் பெற்றது 1938ல். அந்த ஆஸ்பத்திரி கை அறுவைக்காக நாடெங்கும் அறியப்பட்டதற்குக் காரணம், பேராசிரியர் ஆர். வெங்கடசாமியின் உழைப்போடு, வடசென்னைத் தொழிற்சாலைகளில் பிரஸ்ஸிலும் ரோலரிலும் சிக்கிய கைகள் நாள் தவறாமல் அந்த வாசலுக்கு வந்ததுதான். விரல் போனால் போனதுதான் என்று விட்டுவிடாமல், வந்த கையை ஒட்டவைக்கப் பழகிப் பழகி, கைக்கென்றே தனி நிலையம் அங்கே எழுந்தது. திருவொற்றியூரில் என்ஃபீல்டும் எம்.ஆர்.எஃபும் கார்பொரண்டம் யுனிவர்சலும், எண்ணூரில் அசோக் லேலண்டும் ஃபவுண்டரிகளும், மணலியில் சுத்திகரிப்பு ஆலையும் ரசாயன ஆலைகளும், இவற்றையெல்லாம் சுற்றிப் பெயர்ப்பலகையில்லாத நூற்றுக்கணக்கான பட்டறைகளும், காசிமேட்டில் மீன்பிடித் துறைமுகமும் உள்ள இடம் இது. கையைக் கொண்டுவந்து சேர்த்த அதே ஊர்தான் கண்ணையும் கொண்டுவருகிறது. விண்ணப்பிக்கும் பிள்ளை இதைக் கணக்கில் வைக்காமல், கட்டடம் புதிதா, மைக்ராஸ்கோப் எந்தக் கம்பெனி என்று பார்த்துவிட்டுத் திரும்புவது எனக்கு வருத்தமாகவே இருக்கும்.

கிரைண்டிங் வேலை செய்கிறவர் பெரும்பாலும் காலை ஓ.பி.க்கு வரமாட்டார். கண்ணாடி போட்டால் வேர்வையில் ஆவி படிந்து ஒன்றும் தெரியவில்லை என்று கழற்றி வைத்திருப்பார். தூள் பட்டதும் பக்கத்து மெஷின்காரர் துணி நுனியாலோ தீக்குச்சியாலோ எடுத்துப் பார்த்திருப்பார். சம்பளம் போகக்கூடாது என்று ஷிப்ட் முடித்து, கண்ணைப் பொத்திக்கொண்டு சாயங்காலத்துக்கு மேல் கேஷுவால்ட்டிக்கு வருவார். அங்கே டூட்டியில் இருப்பது பி.ஜி. மாணவர். மரத்துப்போகும் சொட்டு விட்டு, நெற்றியைப் பட்டையில் அழுந்த வைக்கச் சொல்லி, ஸ்லிட் லாம்ப் ஒளியைச் சாய்த்தால் கருவிழியில் கடுகைவிடச் சிறிய கரும்புள்ளி தெரியும். சுற்றிலும் துருவின் பழுப்பு வளையம். நடுக் கருவிழியின் கனம் அரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். 26 கேஜ் ஊசியைக் கருவிழிக்கு நேராக நீட்டாமல் பக்கவாட்டில் தழுவினாற்போலப் பிடித்து, மணிக்கட்டை அவர் கன்னத்தில் ஊன்றிக்கொண்டு, புள்ளியின் ஓரத்தில் நுனியைக் கொடுத்து நெம்ப வேண்டும். அவர் தலையை அசைத்தாலும் ஊசி வழுக்கிப் போகுமே தவிரக் குத்தாது. துரு வளையம் முழுக்க வராவிட்டால், அதுவும் பாவைக்கு நேரே இருந்துவிட்டால், இன்றைக்கு விட்டுவிட்டு நாளைக்கு எடுப்பதுதான் சரி. ஒரு நாளில் அது இளகிவிடும், கிளறினால் தழும்பு நிற்கும். இதில் எதையும் புத்தகம் கையில் ஏற்றாது. ஊசியைத் தொடுவதற்கு முன் கேட்கவேண்டிய ஒரு கேள்வியும் இருக்கிறது: கிரைண்டிங் பண்ணும்போது விழுந்ததா, சுத்தியலால் அடிக்கும்போது தெறித்ததா? சக்கரத்துப் பொறி மேலே ஒட்டிக்கொண்டு நிற்கும். சுத்தியலும் உளியும் மோதித் தெறித்த சில்லு வேகத்தில் கண்ணுக்குள்ளேயே போய்விடக்கூடும், வெளியே சிறு கீறல்தான் தெரியும். இதைக் கேட்காமல் சொட்டு மருந்து கொடுத்து அனுப்பிய கண், உள்ளே தங்கிய இரும்பின் நஞ்சேறி மாதக்கணக்கில் மெல்லப் பார்வை இழக்கும். பாவை ஒரு பக்கம் இழுபட்டிருக்கிறதா என்று பார்த்து, எக்ஸ்ரேயோ சி.டி.யோ எழுதுகிற பழக்கம் நூறு கேஸ் பார்த்தவருக்கு அனிச்சையாக வரும்.

வெல்டிங் பார்த்த கண் நடுராத்திரியில் மணல் கொட்டினமாதிரி இருக்கிறது என்று வரும். அது ஓரிரு நாளில் ஆறிவிடும். ரசாயனம் பட்ட கண் அப்படிக் காத்திருக்காது. அமிலம் பட்ட இடத்தைப் பொசுக்கி அங்கேயே பெரும்பாலும் நின்றுவிடும். காரமோ திசுவைக் கரைத்துக்கொண்டு உள்ளே இறங்கும். சுண்ணாம்பும் அமோனியாவும் காஸ்டிக் சோடாவும் அந்த வகை. வெற்றிலைச் சுண்ணாம்புப் பொட்டலத்தை அழுத்திக் கண்ணில் பீய்ச்சிக்கொண்ட குழந்தைகள் இங்கே புதிதல்ல. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தருகே கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது கண்ணெரிச்சலோடும் மூச்சுத்திணறலோடும் குப்பத்து ஜனங்கள் வீட்டைவிட்டு ஓடினார்கள். அதே மாதம்தான் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கழிமுகத்தில் எண்ணெய் பரவியிருந்தது. இந்தப் பகுதிக் கண் பிரிவொன்றில் சேர நினைப்பவர், இரவு ஒன்பது மணிக்குமேல் அந்தக் கேஷுவால்ட்டியில் போய் நின்று பார்க்கட்டும். சலைன் பாட்டிலும் டியூபும் கைக்கெட்டும் இடத்தில் தொங்குகின்றனவா? கண்ணீரின் காரத்தன்மை பார்க்கும் தாள் இருக்கிறதா? பெயர், வயது, ஓ.பி. சீட்டு எல்லாவற்றுக்கும் முன்னால் கண்ணைக் கழுவ வேண்டும் என்பது அங்கே நர்ஸிலிருந்து வார்டு பாய் வரை எல்லாருக்கும் தெரிந்திருக்கிறதா? ஒரு துறை தன் மாணவருக்கு என்ன சொல்லிக்கொடுக்கிறது என்பதற்கு இதைவிட நம்பகமான சாட்சி எனக்குத் தெரியாது.

கருவிழிப் புண் இன்னும் பெரிய விஷயம். மதுரை மாவட்டத்தில் 1990களில் எடுத்த கணக்கில் ஆண்டுக்கு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் வந்தது தெரிந்தது. அமெரிக்காவில் அதேபோன்ற கணக்கில் வந்தது 11. நம் புண்களில் பெரும்பங்கு பூஞ்சை. பொதுவாக இதை வயல்வெளி நோய் என்பார்கள். கடலோரத்திலும் பட்டறையிலும் நான் அதைக் குறைவில்லாமல் பார்த்திருக்கிறேன். தூசு பட்ட கண்ணில் ஸ்டீராய்டு கலந்த சொட்டை மருந்துக்கடையில் வாங்கி விட்டுக்கொண்டு வருவதும், தாய்ப்பால் விட்டுக்கொண்டு வருவதும் இங்கும் வழக்கம்தான். நல்ல பயிற்சி இடத்தில் மாணவர் தானே புண்ணைச் சுரண்டி, கண்ணாடிச் சில்லில் தடவி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டு, மைக்ராஸ்கோப்பில் கிளைத்தோடும் பூஞ்சை இழையைத் தன் கண்ணால் பார்த்த பிறகு நாட்டமைசின் எழுதுவார். 2013ல் வெளிவந்த, அரவிந்த் கண் மருத்துவமனையில் நடந்த பெரிய ஆய்வு வோரிகொனசோலைவிட நாட்டமைசினே மேல் என்று காட்டியதும் இப்படிப்பட்ட நோயாளிகளை வைத்துத்தான். மோசமான இடத்தில் சுரண்டல் மைக்ரோபயாலஜிக்குப் போகும், ரிப்போர்ட் மூன்று நாள் கழித்து வரும், அதற்குள் நோயாளி வேறெங்காவது போயிருப்பார். சுரண்டிய பி.ஜி.யும் புண் ஆறியதைப் பார்த்த பி.ஜி.யும் ஒரே ஆளா என்று கேளுங்கள் என்பதுதான் நான் எல்லாரிடமும் சொல்லிவந்தது.

என் நினைவில் அழியாமல் நிற்கும் ஒரு தலைமுறை உண்டு. லென்ஸை முழுதாக எடுத்துவிட்டுச் சோடாபுட்டிக் கண்ணாடி கொடுத்து அனுப்பிய காலத்துப் பெரியவர்கள். காசிமேட்டில் வலை பின்னுகிறவர்களில் அந்தக் கண்ணாடிக்காரர்கள் நிறைய. ஒரு கண்ணில் மட்டும் ஆபரேஷன் ஆனால் அந்தக் கண்ணில் உருவம் கால்வாசிக்கு மேல் பெரிதாகத் தெரியும், இரண்டும் சேராது, படகுப் பலகையில் கால் வைக்கும் இடம் தவறும். கண்ணாடியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு தடவித் தடவி நடந்தவர்கள், கணக்கேட்டில் வெற்றிகரமான அறுவைகள். திருவொற்றியூர் எல்லையைத் தாண்டியதும் பார்வையிழந்த சுந்தரருக்கு ஒரு கண் காஞ்சியிலும் மறு கண் திருவாரூரிலும் கிடைத்ததாகப் பெரியபுராணம் சொல்கிறது. எங்கள் ஜனங்களில் பலருக்கு இரண்டாவது கண்ணுக்கான திருவாரூர் வரவேயில்லை. உள்விழி லென்ஸ் பரவலாக வந்து, தையலில்லாத சிறுதுளை அறுவை வந்து, இந்தக் காட்சி மறைந்தது. 2015-19 தேசியக் கணக்கெடுப்பில் பார்வையின்மை 0.36 சதவீதமாக இறங்கியதற்கு அந்த மாற்றம் பெரிய காரணம். அதே கணக்கெடுப்பில், ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களின் பார்வையின்மையில் 66 சதவீதம் இன்னும் கண்புரையால்தான். சென்னை நகரத்தில் சங்கர நேத்ராலயா நடத்திய ஆய்வில், கண் பிரஷர் நோய் இருந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அது இருப்பதே தெரியாமல் இருந்தார்கள். சர்க்கரை உள்ளவர்களில் 18 சதவீதம் பேருக்கு விழித்திரை பாதிக்கப்பட்டிருந்ததாக இன்னொரு ஆய்வு கண்டது. இவை ஒருநாள் வேலையில் கற்கிற நோய்களல்ல. பிரஷர் நோயாளியை மூன்று வருஷம் திரும்பத் திரும்பக் கூப்பிட்டு, ஃபீல்டு எடுத்து, சொட்டை நிறுத்திவிட்டாரா என்று விசாரித்துப் பழகாதவருக்கு அந்த நோய் பாடப்புத்தகமாகவே இருந்துவிடும்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு, அது மதுரையிலிருந்து வருகிறது. அரவிந்தில் எண்ணிக்கைதான் எல்லாம், அங்கே பயின்றவர்கள் உலகத்தரத்தில் செய்கிறார்களே என்பார்கள். உண்மை. அதை உருவாக்கிய டாக்டர் ஜி. வெங்கடசாமியே எங்கள் ராயபுரத்து ஸ்டான்லியில் 1944ல் பட்டம் பெற்றவர். மூட்டுவாதத்தில் விரல்கள் கோணிப்போன பிறகு எழும்பூர் கண் ஆஸ்பத்திரியில் எம்.எஸ். படித்து, அந்தக் கைகளாலேயே லட்சம் அறுவை செய்தவர். ஓய்வுபெற்று 1976ல் 11 படுக்கையோடு தொடங்கியதுதான் அந்த நிறுவனம். அங்கே எண் வேலை செய்வது, எண்ணுக்குப் பின்னால் கணக்கு இருப்பதால். எந்த அறுவையாளருக்கு எத்தனை சிக்கல், எத்தனை பேருக்குப் பார்வை எதிர்பார்த்த அளவு வரவில்லை என்பது ஒவ்வொருவர் பெயரிலும் பதிவாகிறது. கற்பவர் படிப்படியாக, பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவரின் கண்முன்னே ஏற்றிவிடப்படுகிறார். ஆகவே அரவிந்தை எடுத்துக்காட்டுபவர்கள் என் வாதத்துக்குத்தான் சான்று தருகிறார்கள். எண்ணிக்கையை மட்டும் கடன்வாங்கி, பதிவேட்டையும் மேற்பார்வையையும் விட்டுவிட்ட இடங்களைப் பார்த்துத்தான் நான் பயப்படுகிறேன்.

அடுத்த மறுப்பு பிழைப்பைப் பற்றியது. அரசுக் கல்லூரியில் பெரும்பாலும் சிறுதுளை அறுவைதான் கிடைக்கும், வெளியே வந்தால் தனியார் ஆஸ்பத்திரி ஃபேக்கோ தெரியுமா என்றுதான் கேட்கும், இரும்புத்தூள் எடுக்கத் தெரிந்ததற்கா சம்பளம் தருவான் என்பார்கள். இந்தக் கவலையை அலட்சியப்படுத்த எனக்கு மனமில்லை. முப்பது வயதுக்குப் பிறகும் கடனோடு நிற்கும் பிள்ளைகளின் கவலை அது. ஆனால் 2007ல் நேபாளத்தில் கண் மருத்துவர் சண்டுக் ரூயித்தின் குழு இரண்டு முறைகளையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தபோது ஆறு மாதத்தில் பார்வை கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தது. சிறுதுளை அறுவை குறைந்த நேரத்திலும் செலவிலும் முடிந்தது. கல்போல் இறுகிப் பழுப்பேறிய புரைக்கு, எங்கள் கடலோரத்தில் இன்றும் வருவது அதுதான், ஃபேக்கோ தெரிந்தவரும் பல நேரம் சிறுதுளைக்குத்தான் மாற வேண்டியிருக்கும். சிறுதுளை நன்றாகத் தெரிந்தவர் ஃபேக்கோவை ஒரு ஃபெல்லோஷிப்பில் கற்றுக்கொள்ளலாம். அவசரக் கேஸில் பதறாமல் இருப்பதையும், கெட்டுப்போன கண்ணின் முன்னால் உட்கார்ந்து அடுத்து என்ன என்று யோசிப்பதையும் காசு கட்டிச் சேரும் ஆறுமாதப் படிப்பு எதுவும் சொல்லித்தந்து நான் பார்த்ததில்லை.

ரேங்க்தானே தீர்மானிக்கிறது, தேர்வு செய்ய எங்களுக்கு ஏது வாய்ப்பு என்பது கடைசி மறுப்பு. நீட் பி.ஜி. மதிப்பெண்ணுக்கு முன்னால் எல்லாம் அடங்கிப்போகும் என்பது பாதி சரி. விருப்பப் பட்டியலில் எதை மேலே எழுதுவது, எதைக் கீழே எழுதுவது என்பது இன்னும் உங்கள் கையில்தான் இருக்கிறது. அரசுப் பணியிலிருந்தபடி வரும் டாக்டர்களுக்கு, உச்ச நீதிமன்றத்தின் 2020 தீர்ப்புக்குப் பிறகு, மாநில இடங்களில் பாதி ஒதுக்கீடும் இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்த ஜனங்களைப் பார்த்துவிட்டு வரும் அவர்களுக்கு நான் சொல்வது சட்டென்று புரியும். பட்டியலுக்கு முன் ஒரு வேலைநாள் காலை ஓ.பி.யில் நோயாளிகளின் பெஞ்சில் போய் உட்காருங்கள். இரண்டாம் வருஷ மாணவரைத் தனியாகப் பிடியுங்கள். முதல் வருஷத்தாருக்குத் தெரியாது, மூன்றாம் வருஷத்தார் தேர்வுப் பயத்தில் இருப்பார்கள். கடைசியாக வந்த பி.சி. ரென்ட்டை யார் சரிசெய்தார், அந்த நோயாளியை அதற்குப்பின் யார் பார்த்தார் என்று கேளுங்கள். ஆட்டுக் கண்ணை வைத்துத் தையல் பழக இடமிருக்கிறதா, மைக்ராஸ்கோப் பூட்டிக் கிடக்கிறதா என்று பாருங்கள்; புளியந்தோப்பில் ஆட்டுத்தொட்டி இருக்கும் ஊரில் கண் கிடைக்கவில்லை என்ற சாக்கை ஏற்காதீர்கள். 2020 விதித்திருத்தம் கொண்டுவந்த மூன்று மாத மாவட்ட ஆஸ்பத்திரிப் பணிக்கு மாணவரை எங்கே அனுப்புகிறார்கள், அங்கே ஸ்லிட் லாம்பாவது இருக்கிறதா என்று விசாரியுங்கள். ரிவ்யூ ஓ.பி. எந்த நாள், அன்றைக்குத் தான் ஆபரேஷன் செய்த நோயாளியைத் தானே பார்க்க மாணவரை தியேட்டரிலிருந்து விடுகிறார்களா என்பதையும் கேட்டுவிட்டு, அதன் பிறகு கட்டிங் எத்தனை என்று கேளுங்கள்.